ஐஸ் படாத மீன்

"பிடித்ததிலிருந்து அடுப்பில் ஏறும்வரை மீன் எத்தனை மணி நேரம் ஐஸில் இருக்கும்?" என்று ஹாம்பர்க் டாக்டரம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டின்னில் அடைத்த சூரை மீனைத் தின்று, உடம்பெல்லாம் தடித்து, அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "நான் பழவேற்காட்டுக்காரி. எங்கள் வீட்டு மீனுக்கு ஐஸே போட மாட்டோம்" என்றேன் பெருமையாக. அவ்வளவு புதிய மீனா என்று வியந்து அவர் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ஐஸ் எங்களுக்கு லாரியில் வெளியூர் போகிற மீனுக்குத்தான். அம்மா பொன்னேரியில் விற்றது போக மிஞ்சிய கானாங்கெளுத்தி, பகலெல்லாம் கூடையில் வெந்து, சாயங்காலம் வீட்டுச் சட்டிக்கு வரும். அப்படிச் சூட்டில் கிடக்கும் மீனில், உடம்பைத் தடிக்க வைக்கும் ஹிஸ்டமின் ஏறிவிடுமாம். கொதிக்க வைத்தாலும் போகாதாம். சிலர் உடம்புக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது, அலர்ஜி டெஸ்ட்டிலும் ஒன்றும் தெரியாது என்றார் டாக்டரம்மா.

என் அண்ணிக்கும் டெஸ்ட்டில் ஒன்றும் தெரியவில்லை. காட்டூர் விவசாய வீட்டுப் பெண். நைனா காலையில் ஏரியிலிருந்து கொண்டுவரும் மீன் அவளை ஒன்றும் செய்யாது. சாயங்கால மீன் என்றால் தலைவலி, தடிப்பு. "காலீல துன்னா ஆவும், சாயங்காலம் ஆவாதா? இன்னா நடிப்பு அண்ணி!" என்பேன். நான் அப்போது பி.எஸ்சி. சோதித்தே பார்த்துவிடலாம் என்று ஒருநாள் அவளுடைய கத்திரிக்காய்க் குழம்பில் சாயங்கால மீன் குழம்பைக் கலந்துவிட்டேன்.

"மீன் வாடை வருதே பாப்பா?"

"இந்த வூட்ல எதுலதான் வரல? துன்னு அண்ணி."

அரை மணி நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு வாங்கியது. அண்ணன் பைக்கில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். எல்லோரும் கத்திரிக்காயைக் குற்றம் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் அவள் கத்திரிக்காயை விட்டாள், பயத்தில் பருப்பை விட்டாள், வேர்க்கடலையை விட்டாள். இப்போது கஞ்சிதான். வீடியோவில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

தின்றது, நேரம், வந்த தொந்தரவு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வர வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு நோட்டுப் போடச் சொன்னார். வலப்பக்கம் என் ஹாம்பர்க் சாப்பாடு. இடப்பக்கம் அண்ணிக்கு. அதில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "கத்திரிக்காய்க் குழம்பு, அதில் மீன் குழம்பு இரண்டு கரண்டி. ஊற்றியது நான்." ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கூப்பிட்டு இதைப் படிக்கப் போகிறேன். அவள் போனை வைத்துவிட்டால் மறுபடியும் கூப்பிடுவேன்.