மார்ச் வரைக்கும் வாய் திறக்கக்கூடாது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்திரவதனா புட்டுக்குச் சொதியை அள்ளி அள்ளி ஊற்றுவதைப் பார்த்துப் பாலேந்திரா பகிடி பண்ணினார்.

"என்னப்பா, புட்டைக் குளிப்பாட்டுறீரோ?"

சந்திரவதனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு அகப்பை சொதி விட்டாள். சொதி இல்லாவிட்டால் புட்டு இறங்காது என்று அவள் சொல்லவில்லை. ஏப்ரலில் இறைச்சித் துண்டு ஒன்று நெஞ்சுக்குள் நின்றது. கோடையில் பாண் நின்றது. நவம்பர் பிறந்த பிறகு புட்டும் நிற்கத் தொடங்கிவிட்டது. ஆனால் மார்ச் வரும்வரை வயிறு, நெஞ்சு, தொண்டை பற்றி அவள் எந்த டொக்டரிடமும் வாய் திறக்கக்கூடாது. வீட்டில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவர் எதிரில் இருந்து பகிடி விட்டுக்கொண்டிருந்த இதே மனிதர்தான்.

சந்திரவதனாவுக்கு ஐம்பத்தைந்து வயது. கோலியர்ஸ் வுட்டில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு சீவுவதும், தட்டுக் கழுவுவதும், கரட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பும் பிள்ளைகளுக்கு ஆசை காட்டித் தீத்துவதும் அவளுடைய தொழில். தனக்கு ஒரு நோவு என்றால் நாலு பேருக்குச் சொல்லித் திரிகிற பழக்கம் அவளிடம் இல்லை. தலையிடி வந்தால் தைலத்தைப் பூசிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள்தான் பாவம்.

பாலேந்திரா அதற்கு நேர்மாறு. அவர் கார் ஓட்டப் பழக்குகிறவர். டூட்டிங்கிலிருந்து ஸ்ட்ரெதம் வரைக்கும் உள்ள தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் அவருடைய காரில்தான் முதன்முதலாக ஸ்டீயரிங் பிடித்தார்கள். கியர் மாற்றப் பழக்கும் நேரத்திலேயே எந்தக் கடையில் மீன் நல்லது, எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று வாழ்க்கைக்குத் தேவையான மிச்சப் பாடங்களையும் நடத்திவிடுவார். அதில் தலையாய பாடம், டொக்டரோடு எப்படிப் பேசுவது என்பது.

"உள்ளதை உள்ளபடி சொன்னா ரெண்டு பனடோல் குளிசையைத் தந்து அனுப்பிப்போடுவினம். மூண்டு நாளெண்டா மூண்டு மாசமெண்டு சொல்லோணும். மூண்டு மாசமெண்டா வருசக்கணக்கா எண்டு சொல்லோணும். அப்பதான் பெரியாஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவினம். விளங்குதோ? இப்ப இண்டிக்கேற்றரைப் போடும்."

இதை அவர் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். பத்து நிமிடத்துக்குள் டொக்டரை நம்பவைக்க வேண்டும், அதுவும் அரைகுறை ஆங்கிலத்தில். கூட்டிச் சொல்லாமல் வேறு என்ன செய்வது என்று கேட்பார்கள். இத்தனைக்கும் பாலேந்திரா தனக்கென்று டொக்டரிடம் போய்ப் பல வருடம். ஊசி என்றால் அவருக்குக் குலை நடுங்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணியும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டு, சந்திரவதனாவுக்கு ஒரு கிழமை நெஞ்சு எரிந்தது. பாலேந்திரா அவளை டொக்டரிடம் கூட்டிப் போனார். கார் நிறுத்துமிடத்தில் வைத்தே ஒத்திகை நடந்தது. அவள் உள்ளே போய்ப் படித்ததை அப்படியே ஒப்பித்தாள். இரண்டு வருடமாக எரிவு, தொண்டை வரைக்கும் வருகிறது, இரவில் படுக்க ஏலாது. டொக்டர் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டுக் குளிசை கொடுத்தார். எரிவு அடுத்த கிழமையே நின்றுவிட்டது. பாதிக் குளிசை குப்பைக்குப் போனது. கணினியில் ஏறியது மட்டும் அங்கேயே இருந்தது.

பிறகு, போன வருடம் மார்ச்சில்தான் பிரைவேட் இன்சூரன்ஸ் பைத்தியம் பிடித்தது. பாலேந்திராவின் சிநேகிதர் கிறிஸ்துநாயகம் இடுப்புச் சத்திரசிகிச்சைக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தார். காத்துக் கிடந்த காலத்தில் மனிதர் பாதியாகிப் போனார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே பாலேந்திரா குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் எடுப்பது என்று முடிவு கட்டினார். அவர், அவள், மான்செஸ்டரில் படிக்கிற மகன் யனுஷன், மூன்று பேருக்கும்.

கொம்பனியிலிருந்து தொலைபேசியில் பேசிய பிள்ளை தேன் குரலில் நிபந்தனையைச் சொன்னது. கடந்த ஐந்து வருடத்துக்குள் இருந்த வருத்தங்களுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள். இன்சூரன்ஸ் தொடங்கியபின் தொடர்ச்சியாக இரண்டு வருடம் அந்த வருத்தம் தலைகாட்டாமல், அதற்கென்று குளிசையோ டொக்டரோ இல்லாமல் இருந்தால், பிறகு அதையும் சேர்ப்பார்கள். பாலேந்திரா ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்தபின் மனைவியைப் பார்த்தார்.

"உம்முடைய நெஞ்செரிவு ரெக்கோட்டில இருக்கு. ரெண்டு வருசத்துக்கு அந்தக் கதையே எடுக்கப்படாது. எடுத்தா ரெண்டு வருசமும் திரும்ப முதல்ல இருந்து. அடுத்த மார்ச்சுக்கு அடுத்த மார்ச்சோட எல்லாம் கிளியர்."

"நெஞ்செரிவு ஒரு கிழமைதானேயப்பா இருந்தது."

"அது எங்களுக்குத் தெரியும். அவைக்கு ரெண்டு வருசம்."

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். மாதக் கட்டணத்துக்காக அவள் பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாட்டு ஷிப்டையும் எடுத்தாள். விடிய முதலே வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். அதையும் அவள் நோவென்று சொல்லவில்லை.

ஒக்டோபரில் வரிக் கணக்குக் கொடுக்க டூட்டிங்குக்குப் போனார்கள். கணக்காளர் முகுந்தின் அலுவலகம் ஒரு சேலைக்கடைக்கு மேலே இருந்தது. பாலேந்திரா கதிரையில் இருக்க முதலே தொடங்கிவிட்டார்.

"தம்பி, காருக்கு எடுத்த இன்சூரன்ஸைச் செலவில போடுறீர்தானே?"

"ஓம் அண்ணை."

"அந்தக் காரை ஓட்டுறவனுக்கு எடுத்த இன்சூரன்ஸையும் போடும்."

"அது ஏலாது அண்ணை. கார் தொழிலுக்கு. உங்கட உடம்பு உங்கட சொந்தப் பாவிப்புக்கு."

பாலேந்திராவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போதாக்குறைக்கு அந்தக் கட்டணத்துக்கு மேலேயே அரசாங்கம் ஒரு வரி எடுக்கிறது என்று முகுந்த் சொன்னதும் மேசையில் தட்டினார். நாங்கள் பிரைவேட்டில் பார்த்தால் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் ஒரு இடம் மிச்சம், அந்த மிச்சத்தை வரியில் கழித்துத் தரட்டும், தந்தால் ஒவ்வொரு குடும்பமும் இன்சூரன்ஸ் எடுக்கும் என்று பேச்சு நடத்தினார். காரில் பழக வருகிறவர்கள் கிழமைக்கு ஒரு தரம் கேட்கிற அதே பேச்சு.

முகுந்த் பொறுமையான பிள்ளை. "முந்தி அறுபது வயசு தாண்டினவைக்கு அப்பிடி ஒரு சலுகை இருந்தது அண்ணை. தொண்ணூற்றேழில நிப்பாட்டிப்போட்டினம். இப்ப திரும்பத் தந்தாலும் வரியில கழிச்சா அக்காவுக்கு என்ன வரப்போகுது? அவ கட்டுற வரியே சொட்டு. கையில காசாத் திருப்பித் தந்தாத்தான் உங்களை மாதிரிக் குடும்பங்களுக்கு உதவும். அப்பிடித் தந்தா கொம்பனியள் சும்மா இருப்பாங்களோ? அடுத்த வருசம் கட்டணத்தை ஏத்துவாங்கள்."

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த சந்திரவதனா குறுக்கிட்டாள்.

"தம்பி, அரசாங்கம் பாதிக் காசு தருது எண்டு வையுங்கோ. அப்ப என்ர வயித்தைப் பார்ப்பினமோ?"

முகுந்த் கண்ணாடியைக் கழற்றினான். "முழுக் காசும் தந்தாலும் பார்க்கமாட்டினம் அக்கா. காசு வேற, நிபந்தனை வேற. ஏன், ஏதும் செய்யுதோ?"

"சீச்சீ. சும்மா கேட்டனான்."

ஏழு மாதத்தில் அவள் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். பாலேந்திரா கவனிக்கவில்லை. கணக்காளரை எப்படி மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சட்டம் ஒரு பாதிதான். அவளுக்குப் பயம். சாப்பாடு நெஞ்சுக்குள் நிற்பது என்ன வருத்தத்துக்கு அடையாளம் என்று அவள் ஒருநாள் போனில் தேடிப் பார்த்திருந்தாள். முதல் வரியை வாசித்துவிட்டு மூடிவிட்டாள். மார்ச் வரைக்கும் பேசக்கூடாது என்ற சட்டம் அந்தப் பயத்துக்கு நல்லதொரு சாட்டாகப் போய்விட்டது. காசைக் கட்டிவிட்டோம், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பெரிய டொக்டரிடம் பிரைவேட்டாகவே போகலாம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். பாவாடை நாடாவை மட்டும் இறுக்கி இறுக்கிக் கட்டவேண்டி வந்தது.

பள்ளிக்கூடத்தில் புதன்கிழமை கோழி ரோஸ்ட். பிள்ளைகள் போனபின் சமையலறைப் பெண்கள் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். தலைமைச் சமையல்காரி பெவர்லிக்குக் கொஞ்ச நாளாகவே அவள் மேல் ஒரு கண். சந்திரவதனா கஸ்டர்ட்டை மட்டும் குடித்துவிட்டு எழும்புகிறாள். அந்தப் புதன்கிழமை பெவர்லி ஒரு தட்டில் கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு முன்னால் வைத்து, இதைச் சாப்பிடாமல் எழும்ப விடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மறுத்தால் இன்னும் கேள்வி வரும் என்று சந்திரவதனா ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்தாள். நன்றாகச் சப்பினாள். விழுங்கினாள். அது பாதி வழியில் நின்றது. தண்ணீர் குடித்தாள், தண்ணீரும் திரும்பி வந்தது. கண் பிதுங்க, தட்டுக் கழுவும் தொட்டிக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் கக்கினாள். பெவர்லி ஒரு கையால் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு மற்றக் கையால் பாலேந்திராவுக்குப் போன் எடுத்தாள்.

அவர் பழக வந்த பெண்ணை நடு வழியில் பஸ்தரிப்பில் இறக்கிவிட்டு, கூரையில் எல் போர்டு ஆட ஆட வந்து சேர்ந்தார். சந்திரவதனாவைக் காரில் ஏற்றினார். பெல்ட்டைப் போட்டுவிட்டார். பெவர்லி ஜன்னலுக்குள் குனிந்து, இவள் மாதக்கணக்காக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். பாலேந்திரா காரை எடுத்தார். கொஞ்சத் தூரம் போனபின் அவருடைய வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இதுதான்.

"டொக்டரிட்ட ஒண்டும் சொல்லேல்லைத்தானே? மார்ச்சுக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு."

சந்திரவதனா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லை. சொல்லேல்லை," என்றாள்.

அவள் அப்படிச் சொன்ன பிறகுதான், தான் கேட்டது என்னவென்று பாலேந்திராவுக்கு உறைத்தது. காரை ஓரத்தில் நிறுத்தினார். நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் நிறுத்தினார், இண்டிக்கேற்றர்கூடப் போடவில்லை. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தினை நாளா இது?"

"ஏப்ரல் மாசத்திலயிருந்து."

"எனக்காவது சொல்லியிருக்கலாமேயப்பா."

"உங்களுக்குச் சொன்னா டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு ஓடுவியள். பிறகு கட்டின காசெல்லாம் வீண் எண்டு வாழ்நாள் முழுக்கக் கவலைப்படுவியள்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் நொந்தது.

அடுத்த நாள் காலை டொக்டரின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார்கள். விழுங்க ஏலாது என்ற சொல்லைக் கேட்டதும் அன்றைக்கே வரச் சொன்னார்கள். பழைய கார் நிறுத்துமிடம். பழைய இடத்திலேயே கார் நின்றது. சந்திரவதனா பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல, "எவ்வளவு காலமெண்டு சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

பாலேந்திராவுக்கு எப்போதும் ஒரு கணக்கு ஆயத்தமாக இருக்கும். இந்த முறை கூட்டுவதற்கு இடமே இல்லாமல் உண்மையே போதுமான அளவு பெரிதாக இருந்தது.

"உள்ளதைச் சொல்லும்," என்றார்.

டொக்டர் இளம் பெண். சந்திரவதனா ஏழு மாதம் என்றாள். முதலில் இறைச்சி, பிறகு பாண், பிறகு புட்டு. புட்டு என்றால் என்னவென்று கையால் உதிர்த்துக் காட்டினாள். டொக்டர் கணினியைப் பார்த்தார். முன்பும் இரண்டு வருடமாக நெஞ்செரிவு என்று சொல்லியிருக்கிறீர்களே என்று கேட்டார். பாலேந்திரா பதறிப்போனார். இவர் பழையதைப் பார்த்துவிட்டு இதையும் பாதியாகக் குறைத்து எடுத்துவிடுவாரோ என்று நினைத்தார்.

"அது பொய் டொக்டர். அது நான் சொல்லச் சொன்னது. இது உண்மை. ஏழு மாதம், உண்மையாகவே ஏழு மாதம்," என்று தன்னுடைய ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

டொக்டர் தலையாட்டினார். சந்திரவதனாவின் வயிற்றை அமத்திப் பார்த்தார், எடை பார்த்தார், எடையை இரண்டாம் தரமும் பார்த்தார். தொண்டைக்குள் கமெரா விட்டுப் பார்க்க வேண்டும், அவசரம் என்று போட்டு இப்போதே அனுப்புகிறேன், இரண்டு கிழமைக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்றார்.

"இரண்டு கிழமையா?" பாலேந்திரா நம்பவில்லை. "காசு கட்டாமலா?"

"காசு எதுவும் இல்லை. விழுங்க முடியாமல் வருகிற எல்லோரையும் இப்படித்தான் அனுப்புவோம்." டொக்டர் தட்டச்சுச் செய்வதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலில் கோபம் இருக்கவில்லை. "ஏன் இவ்வளவு காலம் வரவில்லை?"

சந்திரவதனா கணவனைப் பார்த்தாள். பாலேந்திரா முழுவதையும் சொல்லத்தான் நினைத்தார். கிறிஸ்துநாயகத்தின் இடுப்பு, தேன் குரல், மார்ச், வரி, முகுந்த், எல்லாவற்றையும். ஆனால் ஒரு வசனம்தான் வெளியே வந்தது.

"எங்களிடம் பிரைவேட் இன்சூரன்ஸ் இருக்கிறது, டொக்டர்."

அவர் மிச்சத்தையும் சொல்வாரென்று டொக்டர் காத்திருந்தார். பாலேந்திரா புறங்கையால் கண்ணைத் துடைத்தார். சந்திரவதனா கைப்பையைத் திறந்து, அவருக்கு ஒரு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.