அக்காவின் வயிற்றில் ஐந்து தழும்புகள்

“ஏ.எல். பாஸ் பண்ணினவளெல்லாம் டொக்டரா புள்ள?” கட்டாரிலிருந்து தொலைபேசியில் அத்தான் கேட்டார். அக்காவுக்கு எந்தச் சத்திரசிகிச்சை நல்லது என்று நான் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. போன வருடம், தன்னாமுனையில் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு அது.

அக்கா மிகவும் பருமன். முப்பத்திரண்டு வயதில் சீனி வருத்தம், முழங்கால் நோவு. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆங்கிலக் கடதாசியில் மூன்று முறைகளை ஒப்பிட்டிருந்தார்கள். இரைப்பையைச் சுற்றி வளையம் போடுவதில் ஆபத்துக் குறைவு. ஆனால் எடை மெதுவாகத்தான் இறங்கும், வளையத்தைச் சரிபார்க்க அடிக்கடி போகவேண்டும். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது நடுத்தரம், வெட்டியது வெட்டியதுதான். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைத்தால் எடையும் சீனியும் நன்றாக இறங்கும். ஆபத்து சற்றுக் கூட, ஆயுள் முழுக்க விற்றமின் குளிசையும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்றாவதைச் சொன்னேன். வைத்தியரும் அதையே சொன்னபோது பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சென்னையில் அதைச் செய்து பத்து மாதத்தில் அக்கா பாதியாகிவிட்டாள். சீனிக் குளிசையை நிறுத்திவிட்டார்கள். இரத்தப் பரிசோதனைக்காக இருவரும் கொழும்பு பஸ் ஏறினோம்.

வழியில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அக்காவின் அடையாள அட்டையில் இருந்த முகத்துக்கும் எதிரே நின்ற முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெண் சிப்பாய்கள் மறைப்புக்குள் கொண்டுபோய்ச் சோதித்தபோது வயிற்றில் ஐந்து சிறு தழும்புகளைக் கண்டார்கள். உடம்பில் தழும்பு இருந்தால் அவர்களுக்கு அர்த்தம் ஒன்றுதான், ஆயுதம் தூக்கிய இயக்கத்தில் இருந்தவள். அப்படிக் கொண்டுபோகப்பட்ட சிலர் திரும்பி வரவில்லை. துளை போட்டுச் செய்தால் தழும்பு சின்னது என்று ஆசையாக வாசித்துச் சொன்னவளும் நான்தான். ஆஸ்பத்திரிக் கடிதத்தை வீட்டில் விட்டு வந்திருந்தேன். என் ஆங்கிலம் அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்குச் சிங்களம் வராது.

அக்காவை ஜீப்பில் ஏற்றப் போனார்கள். அப்போது எங்கள் பஸ் கொண்டக்டர், ஏறாவூர்க்காரர், முன்னே போனார். பருமனாக இருந்த காலத்தில் அக்கா அந்த பஸ்ஸில்தான் கிளினிக் போய்வருவாள். அவர் அவளுடைய பருமனைப் பகிடி பண்ணுவார். இப்போது சிங்களத்தில் ஏதோ சொல்லி, இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அட்டையை இன்னொரு தரம் பார்த்தார்கள். விட்டுவிட்டார்கள்.

“ரெண்டு சீட்டு பிடிக்கிற அக்கா எண்டு சொன்னன். கோவிக்காதீங்க தங்கச்சி, வேற என்னத்தச் சொல்ல?” என்றார் என்னிடம்.

நான் நன்றி சொன்னேன். பொலனறுவை தாண்டும்போது அக்கா சொன்னாள்.

“இதுக்கு நான் அப்பிடியே இருந்திருக்கலாம்.”

மூன்று மாதமாகிறது. அக்கா வாசல் படலையைத் தாண்டவில்லை. அடுத்த பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறாள். நான் தேர்ந்தெடுத்தது நல்ல சிகிச்சைதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த உடம்போடு அவள் எந்த வீதியால் போய்வர வேண்டும் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எனக்கு அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. போன கிழமை ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்து அக்காவைப் படம் எடுத்தேன். புது அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தைக் கிராம சேவகரிடம் கொடுத்துவிட்டேன்.