காலியாக விட்ட கட்டம்

அருணாதேவிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. வேங்கிக்காலில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். 2006-இல் ஓர் அறக்கட்டளையின் கண் சிகிச்சை அலுவலகத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கிராமத்து முகாம்களில் கண் காட்டிய பதினோராயிரம் பேரின் விவரத்தையும் அவள்தான் ஏற்றியிருந்தாள். இலவசமாகக் கிடைத்த ஆபீஸ் மென்பொருள், அதோடு வந்த டேட்டாபேஸ். ஆளைத் தேடினால் ஊர், பெயர், முகாம் எண் என்று மூன்று கட்டங்களைக் காட்டிக் கேட்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஒரு பெரியவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, மறு கண்ணுக்காக வந்தவர். எண் எழுதிய முகாம் அட்டையைத் தொலைத்துவிட்டார்.

"அடி அண்ணாமலை, சுப்பன்னு சொன்னேன். அப்பிடி ஒரு பேரே இல்லன்னுட்டாங்கம்மா."

அவள் பதில் சொல்வதற்குள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

உள்ளே போய்த் தேடிப் பார்த்தாள். முகாம் எண்ணைக் காலியாக விட்டதும் பட்டியலும் காலியாகவே வந்தது. காலி என்றால் எந்த எண்ணானாலும் சரி என்று அதற்குப் புரியவில்லை. எண்ணே இல்லாத ஆளைத் தேடிவிட்டுக் கைவிரித்தது. இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சாவி வாங்கிக்கொண்டு தனியாக வந்து உட்கார்ந்தாள். கேட்பதற்கு ஆளில்லை. மூன்றாவது வாரம்தான் வழி பிடிபட்டது. டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரே ஒரு வரிசை மட்டும் உள்ள தனி அட்டவணை ஒன்றை உண்டாக்கினாள். தேடுகிறவர் அடிப்பது முதலில் அந்த வரிசையில் போய் விழும். தேடல் அதைப் பார்த்து, எந்தக் கட்டம் காலியோ அந்தக் கேள்வியையே விட்டுவிடும். திரையில் சுப்பன் வந்தார்: நூற்றுப் பதினாலாம் முகாம், வலது கண்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தம் காலி அலுவலகத்தில் அவளுக்கே என்னவோ போலிருந்தது. செங்கத்திலிருந்த தம்பிக்குப் போன் போட்டாள். சாப்பிட்டியா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் முகாம் வேலைக்குப் போகும் பரசுராமனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப இனிமே நம்பர் கேக்க வேணாம். நல்லதுங்க மேடம்," என்று சுப்பனின் விவரம் இருந்த பட்டியலை வாங்கிக்கொண்டு பைக்கில் கிளம்பினார்.

அடுத்த வாரமே சுப்பனை அழைத்து வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மருமகள் திரௌபதி மருந்து வாங்கப் போயிருக்க, கட்டுப்போட்ட கண்ணோடு பெரியவர் அலுவலக வாசல் பெஞ்சில் இருந்தார். அருணாதேவி பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குத் திருப்பி அனுப்பியது தங்கள் தப்புதான் என்றாள். அப்படியே அந்த ஒற்றை வரிசையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, சங்கடப்பட்டு நிறுத்திவிட்டாள்.

"எனக்கு இதெல்லாம் புரியாதும்மா," என்றார் அவர். "நீ சொல்லு. மருமவ வர்ற வரைக்கும் சும்மாதான இருக்கேன்."

முதலிலிருந்து சொன்னாள். அவர் உம் கொட்டிக்கொண்டிருந்தார். திரௌபதி மருந்தோடு வந்தபோது அருணாதேவி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் சொல்லியிருந்தாள். பெரியவரைக் கைப்பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மீதியைச் சொல்ல ஆளில்லாமல் உள்ளே போனாள்.