வான்கதவு திறக்கும்போது கயிறு கையில்

தண்ணீர் இறங்கும் நேரத்தில் படகை இறுக்கிக் கட்டினால் படகு தொங்கும். இது தெரியாதவன் படகு வேலைக்கு வரக்கூடாது, நான் வந்தேன்.

தொங்கல்

தொங்கியது. முன்பக்கம் கம்பத்தோடு மேலே, பின்பக்கம் தண்ணீரில். உள்ளே புசல்லாவையிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஐந்து பேர், பின்பலகையில் ஒருவர்மேல் ஒருவர். நான் கரையில், பிளேன்டீயும் கையுமாக.

எங்கள் படகுச் சவாரி மகாவலியில், அணைக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. அணையின் வான்கதவைத் திறந்தால் எங்கள் பக்கம் தண்ணீர் இறங்கும், அதனால் திறக்க முன்னால் சைரன் ஊதுவார்கள். ஊதினால் எந்தக் கரையில் இருக்கிறோமோ அங்கேயே நிற்க வேண்டும். கயிற்றைக் கம்பத்தில் ஒரே ஒரு சுற்று சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். அரை மணித்தியாலம், சில நாள் முக்கால். துணிக்கடை வாசலில் நாள் முழுக்க நிற்கிற என் வயசுக்காரர்களே, உங்களுக்குப் புரியும். ஓ.எல். சோதனை எழுதியதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே ஓர் இடத்தில் இருக்க முடியாமல்தான். அதனால் மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

படகின் சொந்தக்காரர் சலீம் நானா ஓடிவந்தார். பின்கயிற்றை என் கையில் திணித்தார், "எல்லாரும் புடிச்சுக்கோங்க!" என்று கத்தினார், முன்கயிற்றைக் கத்தியால் அறுத்தார். படகு தொப்பென்று விழுந்தது. யாருக்கும் அடியில்லை, எல்லாரும் நனைந்தார்கள். அதில் ஓர் அக்கா சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "தம்பி, இந்த ஊஞ்சலும் டிக்கட்டுலயே சேர்த்தியா, இல்ல வேறயா காசா?"

ஒரு சுற்று

சலீம் நானா திகன ஊர்க்காரர். எஞ்சின் ஓட்ட அனுமதி எடுப்பதென்றால் அவர் கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்துக்காகத்தான் மஹய்யாவயிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறேன். கயிறு பிடிக்க அல்ல.

ஆனால் பிடித்தேன். ஒருநாள் சுகமாக இருக்கட்டும் என்று கயிற்று நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். நானா பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தார். படகு இழுத்தால் கையோடு போய்விடுமாம். அது சரிதான், இருந்தாலும் வலித்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொருக்கா முடிச்சோ கையில சுத்தோ பாத்தேன், மறுகா எஞ்சின் பக்கம் வரவாணாம். கடிதமும் இல்ல, ஒண்டுமில்ல."

கல்யாணப் படம்

மாப்பிள்ளையும் பொண்ணும் கல்யாணத்துக்கு முன்னமே படமெடுக்க வந்தார்கள். படகில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கியதும் சைரன். நான் கயிற்றை விட விட அவர்கள் சிரித்தபடியே கீழே போனார்கள். படக்காரர் கரையில் குந்தினார், பிறகு முழந்தாளிட்டார், கடைசியில் குப்புறப் படுத்தார்.

"தம்பி, படகைக் கொஞ்சம் மேல தூக்குங்க, வெளிச்சம் போகுது!"

"அண்ணே, ஆறே இறங்குது. நான் எதைத் தூக்க?"

எனக்குக் கால் கடுத்தது, மூக்கு அரித்தது, சொறியக் கை இல்லை. பொண்ணு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பிச் சொன்னது: "அந்தத் தம்பி கயித்தப் புடிச்சிருக்க மாதிரி நீங்க ஒரு நாளாச்சும் என் கையப் புடிச்சிருக்கீங்களா?"

அக்கரை

நாலாவது மாதம் நானா எஞ்சினை என்னிடம் தந்தார். எட்டுப் பேரை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டிவிட்டு ஒழுங்காகத் திரும்பிவந்தால் கடிதம். போனேன், காட்டினேன். எல்லாரும் திரும்ப ஏறி உட்கார்ந்ததும் சைரன்.

உடனே போன். இக்கரையில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து நிற்கிறார்களாம். "கதவு தொறக்க இன்னும் நேரமீக்கி. தாண்டிரலாம். நிக்காத, வா!" என்றார் நானா. நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். கை எஞ்சின் வரைக்கும் போய்விட்டது. பிறகு அந்த எட்டு ஆரஞ்சு உயிர்காப்பு ஜாக்கெட்டையும் பார்த்தேன். கம்பத்தில் ஒரு சுற்றுப் போட்டேன்.

"ஓனரே வரச் சொல்றாரே, அப்புறம் என்ன தம்பி?" என்றார் ரயிலுக்கு நேரமான ஒருவர். நான் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டேன். பொக்கெட்டில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கதவு திறந்தது. ஆற்று நடுவில் ஒரு மூங்கில் புதர் வேரோடு, பக்கவாட்டாக, பஸ் வேகத்தில் போனது. நாங்கள் அதற்கு முன்னமே தாண்டியும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

இக்கரைக்கு வந்தபோது பஸ் இல்லை. நானா படகை ஒருதரம் சுற்றிப் பார்த்தார், இறங்கியவர்களை எண்ணினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கடிதத்த நாளைக்கு எழுதுறன். இண்டைக்கு ஒன்மேல கோவமா ஈக்கிறன்."

நாலு மாதமாக யாராவது எனக்குச் சொல்ல மாட்டார்களா என்று நான் துடித்துக்கொண்டிருந்தது "நிக்காத, வா" என்ற இரண்டே வார்த்தைக்குத்தான், சொன்ன அன்று நான் போகவில்லை.