சின்ன எழுத்து டெண்டர், பெரிய எழுத்து மருந்து

பேசக்கூடாத ஆள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் ஜோஸ் சார் ஒரு ரூல் சொன்னார். அவர் திருச்சூர்க்காரர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார்.

"மத்தியான ஷிஃப்டில் வேறொரு தமிழன் வரும். அவனோட மிண்டண்டா, கேட்டோ. பேசினா ரெண்டாளும் ஒரே தப்பு செய்யும். பின்னே மெஷின் எப்படிப் பிடிக்கும்?"

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. துபாயின் ஜெபல் அலி ஃப்ரீ ஜோனில், கண்டெய்னர் யார்டுக்குப் பின்னால் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு நூலகம் ஒன்று வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து அனுப்பும். அரபிக்கும் உருதுவுக்கும் தனித்தனி வரிசையே உண்டு. தமிழுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. தமிழ் சாஃப்ட்வேர் லைசென்ஸ் ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள். காலையில் நான், மத்தியானம் அந்த இன்னொருவர். ஒரே பக்கத்தை இருவரும் தனித்தனியாக டைப் செய்ய வேண்டும். மெஷின் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தைச் சிவப்பில் காட்டும். சரி எது என்று முடிவுசெய்ய மூன்றாவதாக ஒரு தமிழர் வேண்டும். அப்படி ஆள் இல்லை. பி.எஸ்ஸி. முடித்தவன் என்று அந்த வேலையும் என் தலையில் வந்தது.

எங்களுக்கு வந்தது விளம்பரப் பக்கங்கள் மட்டும். அதில் இரண்டே சரக்கு. ஒன்று மராமத்து இலாகா டெண்டர்: ஏரிக்கரை உயர்த்த, மதகு கட்ட, சாலைக்குச் சரளை கொட்ட. "முத்திரையிட்ட டெண்டர்கள் வரவேற்கப்படுகின்றன" என்று தொடங்கி, பொடி எழுத்தில் நாலு விரல் அகலத்துக்கு நெருக்கி அடித்திருப்பார்கள். மற்றது மருந்து: பித்தம், வாயு, நரம்புத் தளர்ச்சி, மறதி எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி. அதற்கு எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாக, மீசைக்காரர் படத்தோடு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா போனில், "அங்க என்னப்பா வேலை?" என்பாள்.

"பழைய பேப்பர்ல வந்த விளம்பரத்தை டைப் அடிக்கிறேம்மா."

"அந்த மருந்தெல்லாம் இப்ப விக்கிதா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு அடிக்கிற?"



துபாயில் தமிழருக்குப் பஞ்சமில்லை. ஆனால் என் ரூமில் நேபாளிகளும் பீகாரிகளும்தான். அடுத்த பிளாக்கில் எங்கள் அரியலூர்ப் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள், சைட்டில் கம்பி கட்டுபவர்கள். போய் உட்கார்ந்தால், "வாப்பா, ஏசி ஆபீஸர்" என்று இடம் விடுவார்கள். அதோடு அவர்கள் பேச்சு குறைந்துவிடும். கொஞ்ச நாளில் போவதை நிறுத்திவிட்டேன்.

அதனால் மத்தியான ஷிஃப்ட் ஆள்தான் எனக்குத் துணை. முகம் தெரியாது. பெயர் மட்டும் சிஸ்டத்தில் இருந்தது: நெய்னா முகம்மது. அபாரமாக டைப் செய்வார். சிவப்பே இல்லாமல் ஒரு பக்கம் வந்தால், எதிரில் உட்கார்ந்து யாரோ தலையாட்டியது போல இருக்கும். அதற்காகவே கவனமாக டைப் செய்வேன்.

சிவப்பு

ஒரு குளிர்காலத்தில் சிவப்பு கூடத் தொடங்கியது. நெய்னா முகம்மது அடித்த டெண்டர்களில் மட்டும். ஊர்ப் பெயர் பாதி நிற்கும், டெபாசிட் தொகை விட்டுப்போகும், ஒரு வரியே காணாமல் போகும். அதே பக்கத்து மருந்து விளம்பரம் அப்பழுக்கில்லாமல் இருக்கும்.

ஜோஸ் சார் கூப்பிட்டார். "தமிழ் மேட்ச் ரொம்பக் குறைவு. கிளையண்ட் கேட்டா தமிழையே நிறுத்தும். ஆரோட தப்பு?"

"ஸ்கேன் சரியில்ல சார்."

"உருதுக்கும் இதே ஸ்கேன்தானே?"

என் சீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை சிஸ்டத்தைத் திறந்தபோது, மத்தியான ஷிஃப்ட் ஆள் விட்டுப்போன பக்கம் அப்படியே இருந்தது. படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கியிருந்தார். பொடி எழுத்தை அந்த அளவுக்கு இழுத்தால் உடைந்து மணலாகிவிடும். திரை வெளிச்சத்தையும் கடைசிவரை ஏற்றியிருந்தார். நான் படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எழுந்து சுவர் வரை பின்னால் போய் நின்று பார்த்தேன். டெண்டர் வெறும் சாம்பல் கட்டம். மருந்து மட்டும் தெரிந்தது.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

ஜோஸ் சாரிடம் சொன்னால் அவர் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் இப்படியே டைப் செய்து கண்ணை முழுக்கத் தொலைப்பார். எப்படியானாலும் எனக்கு இருந்த அந்த ஒரு ஆளும் போய்விடுவார். இரண்டு நாள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிற்கும் இடம்

என் பஸ்ஸை விட்டுவிட்டு, மத்தியான ஷிஃப்ட் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். கடைசியாக இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒடிசலான மனிதர். காலால் படியைத் தேடித் தேடி இறங்கினார். பார்த்ததுமே அவர்தான் என்று தெரிந்துவிட்டது.

"நெய்னா பாய், நான்தான் காலை டூட்டி."

சுற்றிலும் பார்த்தார். "பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காகள்ல. வேலை வேணாமா ஒனக்கு?"

"டெண்டர் எல்லாம் தப்பா வருது பாய்."

"ஸ்கேன் சரியில்ல."

"நானும் அதான் சொல்லி வச்சிருக்கேன். ஆனா மருந்து விளம்பரம் சரியா வருதே."

சிரித்தார். "பெரிய சிஐடிதான் நீ. எந்த ஊரு?"

"அரியலூர் பக்கம். சுகர் இருக்கா பாய்?"

"இருக்கு. மருந்து திங்கிறேன்."

"மாத்திரையா?"

"மாத்திரை போட்டா டூட்டியில தலை சுத்துது, விட்டுட்டேன். இது பொடி." பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். துபாய்க்குள் சத்வா பகுதியில் ஒரு கடையில் வாங்கியது. சர்க்கரை, மூட்டுவலி, கண்பார்வை, ஞாபகசக்தி என்று வரிசையாக அச்சடித்திருந்தது. மேலே மீசைக்காரர்.

"பாய், காலையில இதையேதான டைப் அடிச்சேன்."

"அது வெள்ளைக்காரன் காலத்து ஏமாத்து, தம்பி. இது இப்ப வந்தது. கலர்ல நோட்டீஸ் குடுக்குறான்."

கேலியாகச் சொல்லவில்லை. நூறு மருந்து விளம்பரம் டைப் செய்து, ஒவ்வொன்றுக்கும் சிரித்திருப்பார். நூற்றியோராவதைத் தினமும் காலையில் வெந்நீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு மங்குதுன்னு தெரிஞ்சா அனுப்பிருவான்" என்றார். "பையன் பாலிடெக்னிக் ரெண்டாவது வருசம். அவன் முடிக்கட்டும்."

"அதுவரைக்கும் கண்ணு இருக்குமா பாய்?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?" என்று கோபமாக உள்ளே போய்விட்டார்.

மறுநாளும் பஸ்ஸை விட்டேன். அதற்கடுத்த நாளும். "வந்துட்டான் கண்ணு டாக்டர்" என்று பக்கத்து ஆளிடம் இந்தியில் என்னைக் காட்டிச் சொல்வார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிறேன் என்று சம்மதித்தார்.

சத்வாவில் ஒரு கிளினிக். ஹைதராபாத் டாக்டரம்மா இரண்டு கண்ணையும் நெடுநேரம் பார்த்தார். உருதுவில்தான் சொன்னார்: கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இடது கண்ணுக்கு நேரம் தாண்டிவிட்டது, உடனே லேசர் செய்தால் வலது நிற்கும், மாதக்கணக்கில் விடாமல் பார்க்க வேண்டும்.

வெளியே ஒரு தையல்கடை வாசலில் டீ வாங்கிக்கொண்டு நின்றோம். டம்ளரை வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மாசக்கணக்குல இங்க செலவு தாங்காது, ஊருக்குப் போகத்தான் வேணும் போல" என்றார். பிறகு, "நான் போயிட்டா நீ யார்ட்ட பேசுவே?"

"உங்ககிட்ட பேசக்கூடாதுன்னுதான பாய் ரூலே."

சிரித்தார். டீயையும் குடித்தார். அன்று சாயங்காலம் வரை சத்வா சந்துகளில் நடந்தோம். ஏதோ ஒரு ஏரியைச் சொல்லி, "அந்த டெண்டரை யாரு எடுத்திருப்பான்?" என்றார். கீழக்கரையில் தன் வீடு கடலுக்கு எவ்வளவு பக்கம் என்றார். சேர்ந்ததிலிருந்து நான் பேசிய தமிழை எல்லாம் கூட்டினாலும் அன்றைக்குப் பேசிய அளவு வராது.

அதற்குப் பிறகு

ஜோஸ் சாரிடம் கண் விஷயத்தை நெய்னா பாயே போய்ச் சொன்னார். ஜோஸ் சார் என்னைக் கூப்பிட்டார்.

"நீ அவனோட மிண்டியோ?"

"பேசினேன் சார்."

"டெண்டர் பேஜ் முழுக்க நீ திரும்ப அடிக்கணும். ரெண்டாம் டைப்பிங் இனி சென்னையிலிருந்து வரும். கலாஸ், அவ்வளவுதான். போ."

நெய்னா பாய் ஊர் போய்ச் சில வாரம் கழித்து போன் செய்தார். "இடது போச்சு தம்பி. வலது நிக்கிது. இன்சுலின் ஊசியை நானே போட்டுக்கிறேன்." பையன் படிப்பைத் தொடர்கிறானா என்று கேட்டேன். அரை நாள் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறான் என்றார். அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, வைத்துவிட்டார்.

சென்னையிலிருந்து டைப் செய்தது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு எண் மட்டும் வரும். நன்றாகத்தான் டைப் செய்தார். மேட்ச் ஏறியது, தமிழ் நிற்கவில்லை. நான் இன்னும் மூன்று வருடம் அதே இடத்தில் இருந்தேன். பேசக்கூடாத ஆள்கூட இல்லாத ஆபீஸ் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த மாதிரி வேலைக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு பேர் வேறுபடுகிறார்கள் என்று மட்டும்தான் மெஷின் காட்டும். தப்பு ஒரே மாதிரி இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், எழுத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஆளைப் போய்ப் பாருங்கள். ரூல் இருந்தாலும் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் தனியாக இருக்க வேண்டி வரலாம். இருந்துகொள்ளலாம்.