உள்ளே இருந்த டியூப்

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிறவள் புஷ்பவள்ளி. வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை. புருஷன் பஞ்சநாதன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். நாலு கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற ஆள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குக் கிட்னியில் கல். கடலூர் ஆஸ்பத்திரியில் கல்லை எடுத்துவிட்டு, வீக்கம் வடியும் வரை மூத்திரம் அடைபடாமல் இறங்குவதற்காக உள்ளே மெல்லிய டியூப் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து எடுக்க வேண்டும். வந்ததிலிருந்து அவன் பாயும் கக்கூசுமாகக் கிடந்தான்.

"கல்லத்தான் எடுத்தாச்சே மாமா, இன்னும் என்னா வலி? நீ பண்றது ஜாஸ்தி" என்றாள் புஷ்பவள்ளி. அக்கம்பக்கம் கேட்கத்தான் சொன்னாள்.

மறுநாள் விடியலில் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே படகேறினான். திரும்பியபோது கைலியில் ரத்தக் கறை. அவனே அலசிக் காயப்போட்டான். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

டியூபை எடுத்ததும் ஆள் சரியாகிவிட்டான். ஆனால் அடுத்த மார்கழியில், கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், எழவில்லை. அதற்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொன்னார்.

இந்தச் சித்திரையில் அவளுக்குக் கல். அதே மாதிரி டியூப். நாலாம் நாளே மகள் தமிழினி தடுக்கத் தடுக்கக் கூடையோடு பஸ் ஏறினாள். முட்லூர் தாண்டுவதற்குள் மூத்திரம் அடக்க முடியாமல் முட்டியது. இறங்கிப் போனால் சொட்டுத்தான், அதுவும் ரத்தம் கலந்து. மார்க்கெட்டில் குனிந்து மீன் அரிந்தபோது அடிவயிற்றில் முள்ளாய்க் குத்தியது. மூத்திரம் போகும்போதெல்லாம் வலி விலா வரை ஏறியது. கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, பயந்துபோய்க் கடலூருக்கு ஓடினாள்.

நர்ஸ் சத்யப்பிரியா பொறுமையாகச் சொன்னாள்: "பயப்படாதீங்கக்கா. டியூப்போட கீழ் நுனி மூத்திரப் பையில சுருண்டு கெடக்கு. நடந்தா, குனிஞ்சா உரசும். அதான் அவசரமா வர்ற மாதிரி இருக்கு, ரத்தமும் வருது. மூத்திரம் போகும்போது கொஞ்சம் கிட்னிக்கே திரும்பி ஏறும், அதனால விலா வலிக்கும். மாத்திர தர்றோம். தண்ணி நெறைய குடிங்க, வெயிட்டு தூக்காதீங்க."

"எல்லாருக்குமா இப்டி வலிக்கும்?"

"நெறைய பேருக்கு. சிலருக்குத் தெரியவே தெரியாது."

"ஆம்பளைக்கு?"

"அவுங்களுக்கும்தான்."

புஷ்பவள்ளி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ரொம்ப வலிக்குதாக்கா? ஊசி போடச் சொல்லட்டா?"

"படகு ஆட்டத்துல எப்டிம்மா தாங்குனாரு..." என்றாள். நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றாம் வாரம் டியூபை எடுத்தார்கள். பத்து நிமிஷ வேலை. இரண்டு நாளில் எரிச்சலும் நின்றது. அன்று மத்தியானம் சோறு போட்ட தமிழினியிடம், வலியில் கிடந்த அப்பாவைத் தான் என்ன சொன்னாள் என்பதை முதல் முறையாகச் சொன்னாள்.

மகள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்பா அத அப்பவே மறந்திருப்பாரும்மா" என்றாள்.

புஷ்பவள்ளி தலையாட்டினாள். அவன் மறந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.