கொக்கி இருந்த இடம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்தபின் வந்த முதல் தைப்பொங்கல் சமயம். மலாக்காவில், தெங்கேராவில் ஒரு கடைவீட்டின் பின்னறையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். எனக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. அதனால் ஒவ்வொரு நாளும் பொழுது விடிந்ததும் நான் செய்யும் முதல் வேலை, வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதுதான்.

அந்த அறைச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் விடமாட்டார். சாமி படத்தையே டிரங்குப் பெட்டி மேல் சாய்த்து வைத்துத்தான் கும்பிட்டோம். பிள்ளை பிறந்தால் தொட்டிலை எங்கே கட்டுவது என்று நான் கேட்கும்போதெல்லாம் என் கணவர் பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கும் பயம்தான். ஆண்பிள்ளை அல்லவா, வெளியே சொல்லமாட்டார்.

அப்போதுதான் காஜா பேராங்கில் பெரிய ரோட்டுச் சடக்கு ஓரமாக ஒரு பழைய வீடு விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். வீட்டுக்காரர்கள் மலாக்கா செட்டிக் குடும்பம். நம்மைப் போலவே சாமி கும்பிட்டு நெற்றியில் திருநீறு பூசுகிறவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். வீட்டைக் காட்டியது சாரோங் கெபாயா உடுத்திய ஒரு விதவை அம்மா. என் கணவர் கிணற்றையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுக்கூடத்தில் தலையைத் தூக்கினேன். உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. கயிறு உரசி உரசி அதன் உள்வளைவு மட்டும் பளபளவென்று இருந்தது. எத்தனை பிள்ளைகள் ஆடிய தொட்டிலோ! என் கண் அங்கேயே நின்றுவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், சட்டென்று உள்ளே போய்விட்டார். என்ன இப்படி முகத்தில் அடித்த மாதிரி போகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "இந்த வீடுதாங்க" என்றேன். "கெணறு பாத்தியா?" என்றார் அவர். நான் கிணற்றுப் பக்கமே போகவில்லை.

இதில் என் நாத்தனாருக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. என் கணவருக்கு மூத்தவர். வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். ஆனால் தங்கம் தெரிவதற்குள் வாய் நம்மைப் பாதி கொன்றுவிடும். அவர் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் ஏற்பாட்டில் இருந்தது. "வெள்ளக்காரனே மூட்டயக் கட்டிட்டான், நீங்க எதுக்குடா இங்க வூடு வாங்குறீங்க? அதுவும் வயித்துப் புள்ளையோட புது வூட்டுக்குப் போவக்கூடாது, தெரியுமா இல்லயா?" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டார். "புது வூடுன்னாத்தானே அக்கா அந்தச் சட்டம், இது பழைய வூடு" என்று இவர் சிரித்து மழுப்பினார்.

செட்டிமார் போகியன்று முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அந்தப் படையலை அந்த வீட்டில் கடைசியாக ஒரு முறை முடித்துவிட்டுச் சாவி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்படியே பொங்கல் கழிந்ததும் தந்தார்கள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நேரம் குறித்தோம். புதன்கிழமை வீட்டைக் கழுவிவிட நாங்கள் மூன்று பேரும் துடைப்பமும் வாளியுமாகப் போனோம்.

வாசலில் நின்றதுமே என் கணவர், "என்னமோ குறையுதே" என்றார். பெரிய கதவுக்கு முன்னால் பூவேலை செய்த அரைக்கதவு இரண்டு இருந்தன. அவற்றைக் காணோம். கீல் இருந்த இடத்தில் ஓட்டைகள்தான் இருந்தன. உள்ளே போனால் விளக்கு பல்பு மட்டுமல்ல, பல்பு மாட்டும் ஹோல்டரையும் சேர்த்துக் கழற்றியிருந்தார்கள். சமையல்கட்டில் பலகை அலமாரி இல்லை. கிணற்றில் கப்பி இல்லை, கயிறும் இல்லை. "நல்ல வேளை, கெணத்த வுட்டுட்டுப் போனானுங்க" என்றார் இவர். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கூடத்துக்கு வந்து தலையைத் தூக்கினேன்.

கொக்கி இல்லை.

அது இருந்த துளையில் ஒரு மர ஆப்பை இறுக்கமாக அடித்து, மேலே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு மஞ்சள் நூலைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கீழே தரையில் சாம்பிராணிச் சாம்பல் சிந்திக் கிடந்தது. நான் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் மேலே பார்த்தார். கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டார். "தம்பி, இது சும்மா இல்லடா. வேணுமின்னே பண்ணியிருக்காங்க. புள்ளத்தாச்சி வர்ற வூட்டுல, தொட்டி கட்டுற எடத்துல ஆப்பு அடிச்சி நூலு கட்டியிருக்காங்கன்னா என்னா அர்த்தம்?" என்றார். செய்வினை என்ற சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அது நன்றாகவே கேட்டது.

கதவைத் திருடியவன் ஓட்டையை ஓட்டையாகவே விட்டுப் போயிருந்தான். கொக்கியை எடுத்தவர்கள் மட்டும் எதற்காக அந்த இடத்தை அடைத்து மஞ்சள் பூச வேண்டும்? இந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்துகொண்டது. வீட்டைக் கழுவாமலே திரும்பி வந்தோம். சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. அந்தப் பின்னறையில் நடக்கக்கூட இடமில்லை. கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் போவதும் வருவதுமாக இருந்தேன்.

சாயங்காலம்தான் கவனித்தேன், மத்தியானத்திலிருந்து பிள்ளை அசையவே இல்லை. நாள் முழுக்கத் துள்ளுகிற பிள்ளை இல்லைதான், ஆனாலும் சாயங்காலம் ஒரு தடவையாவது புரளும். இவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். "துடிக்குது புள்ள, நல்லாத்தான் துடிக்குது" என்றார். ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு இப்படித் தைரியம் சொல்லியிருப்பார்! எனக்கு நம்பிக்கை வரவில்லை. முகத்தைப் பார்த்தேன், அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"ஒனக்கு மனசு ஒப்பலன்னா அந்த வூடே வேணாம், வித்துருவோம். அக்கா சொல்ற மாரி ஊருக்கே போயிருவோம்" என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததுதான் என்னை உலுக்கியது. இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேதான் வாழ்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். ஓர் ஆப்பு அவரையே ஆட்டிவிட்டதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பயத்தைவிட ஆத்திரம் எனக்கு எப்போதும் ஒரு படி முன்னால்தான் நிற்கும். அந்த அம்மாவிடமே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

வியாழன் காலை இவர் வேலைக்குக் கிளம்பியதும் சேலையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டேன். வாசலில் நாத்தனார் நின்றார். "எங்க போற?" சொன்னேன். தடுப்பார் என்று நினைத்தேன். "பசியாறுனியா?" என்றார். இல்லை என்றேன். ஒரு ரொட்டியை என் கையில் திணித்து, "ஒனக்குச் சண்ட போடத் தெரியாது, நானும் வரேன்" என்று ரிக்‌ஷாவில் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டை விற்றவர்கள் குடிபோயிருந்தது புக்கிட் பாருவில் இருந்த அந்த அம்மாவின் மகன் வீட்டுக்கு. நாங்கள் இறங்கும்போதே கண்ணில் பட்டது எங்கள் அரைக்கதவு. முன்தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் எங்கள் கப்பி. நாத்தனாருக்கு அது போதாதா? "இனி சயா பூஞா! இதெல்லாம் எங்களோடது!" என்று கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயும் தமிழும் கலந்து, கதவைத் தட்டித் தட்டி உரிமை கொண்டாடினார். மகன் பனியனோடு வெளியே வந்தார். கொஞ்சமும் கூச்சமில்லை. வீட்டைத்தான் விற்றோம், தாத்தா செய்த கதவை யார் விற்றார்கள் என்று மலாயில் எதிர்க்கேள்வி கேட்டார். உள்ளே ஓர் இளம்பெண் தலை வாராமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் வயிற்றைப் பார்த்ததும் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அந்த அம்மா வந்தார். நான் நாத்தனாரை விலக்கிவிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்றேன். "மாக்சிக், கதவு வேண்டாம், கப்பி வேண்டாம். கொக்கியை ஏன் எடுத்தீர்கள்? எதற்காக அங்கே ஆப்பு அடித்து நூல் கட்டினீர்கள்?" என்று, மலாய்க்காரர்கள் அத்தையை அழைக்கிற முறை சொல்லி, எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். ஒரு பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கொக்கிதான். சாத்திய அறைக்கதவைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி மலாயில் சொன்னார்.

தாம் பெற்ற பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கொக்கியில் ஆடியவர்கள்தானாம். கடைசியாக ஆடியது மகளின் குழந்தை. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தொட்டிலில் போட்டுத் தூங்க வைத்தார்கள். அது எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மகளால் அந்தக் கூடத்தில் நிற்க முடியவில்லை. வீட்டை விற்றதே அதற்காகத்தான்.

"வீடு பார்க்க வந்த அன்று நீ அந்தக் கொக்கியைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் இதை எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் விட்டால் நீ அதிலேயே தொட்டில் கட்டுவாய். என் மகன் எதை எடுத்தானோ, எதை விட்டானோ, எனக்குத் தெரியாது. இதை மட்டும் நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார். போகியன்று படையல் போட்டுவிட்டு, முன்னோர்களைக் கும்பிட்டு, இந்த வீட்டுக்கு வருகிற பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று வேண்டி, தம் கையாலேயே அந்த ஆப்புக்கு மஞ்சள் பூசி நூல் கட்டியிருக்கிறார்.

என் பக்கத்தில் ஒரு விசும்பல் கேட்டது. சண்டை போட வந்த என் நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

ஆனால் அவர் அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் மகனைப் பார்த்து, "அது சரி, கப்பி?" என்றார். தாயார் ஒரு முறை முறைத்ததும் மகன் கப்பியைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார். அரைக்கதவைத் தரவில்லை. அது இன்றுவரை வரவில்லை.

திரும்பும் வழியில் கப்பி என் மடியில் இருந்தது. நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார். புக்கிட் பாரு மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி குழியில் விழுந்து எழுந்தது. கப்பி வயிற்றில் இடித்தது. உள்ளேயிருந்து, என்னைத் தொடாதே என்கிற மாதிரி, ஓர் உதை! "அண்ணி!" என்று கத்தினேன். அவர் பதறிப்போய்க் கப்பியைத் தூக்கிவிட்டு அங்கே தம் கையை வைத்தார். இன்னோர் உதை. ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, அழுதுகொண்டே சிரிக்கும் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை குறித்த நேரத்தில் பால் பொங்கியது. அரைக்கதவு இல்லாத வாசலில் மாவிலை கட்டினோம். பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். தொட்டில் போடுகிற அன்று அந்த அம்மாவை நானே போய் அழைத்து வந்தேன். கொல்லரிடம் சொல்லிச் செய்த புதுக் கொக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். கூடத்தில் வேண்டாம் என்று அவரே பக்கத்து அறை உத்தரத்தைக் காட்ட, என் கணவர் அங்கே மாட்டினார்.

பிள்ளையைத் தொட்டிலில் போடும் நேரம் வந்ததும் அந்த அம்மா பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். விதவை முன்னே வரக்கூடாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முதலில் போட வேண்டியவர் அத்தைமுறைக்காரியான என் நாத்தனார். அவர் பிள்ளையைக் கையில் வாங்கினார். தொட்டிலருகே போனார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி நடந்து அந்த அம்மாவின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டார். "நீங்க போடுங்க மாக்சிக். இவளுக்காக மொதல்ல சாமி கும்பிட்டது நீங்கதானே" என்றார். தமிழில் சொன்னது அந்த அம்மாவுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது. பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்து, மெல்லத் தொட்டிலில் கிடத்தினார்.

அந்த வருஷமே நாத்தனார் குடும்பம் கப்பல் ஏறிவிட்டது. நாங்கள் அதே வீட்டில் இருந்துவிட்டோம். வீட்டைப் பழுதுபார்க்க வந்த ஆசாரிகள், கூடத்து உத்தரத்தில் இருக்கும் அந்த ஆப்பைப் பிடுங்கி ஒட்டுப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நான் இன்றும் சட்டென்று சண்டைக்குக் கிளம்புகிறவள்தான், வயதானாலும் அது போகவில்லை. ஆனால் வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி அந்த ஆப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். பிறகு, போய் முதலில் 'ஏன்' என்று மட்டும் கேட்பேன்.